'பதினேழாவது கோடை' எழுதிய கல்லூரி மாணவி

காதல் கதை இல்லாத நாடு கிடையாது. ராஜகுமாரன் காதல், ராணியின் காதல், ஏழை-பணக்காரர் காதல் என்று எத்தனையோ கதைகள் உண்டு.

ஆனால், பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் 17 வயதுப் பெண்ணின் மனதில் என்ன நடக்கிறது? அதை அந்தப் பெண்ணே சொல்லுவதுபோல ஒரு முழு நாவலாக எழுதினார், ஒரு கல்லூரி மாணவி.

அவர் பெயர் மவுரீன் டாலி. நாவலின் பெயர் 'பதினேழாவது கோடை'. 1942-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இன்று பருவ வயதுப் பிள்ளைகளுக்கென்றே காதல் நாவல்கள் எழுதப்படுகின்றன. புத்தகக் கடைகளில் அவற்றுக்குத் தனி அலமாரி இருக்கிறது. இந்த வகை நாவல்களுக்கு வழிகாட்டியது 'பதினேழாவது கோடை'தான் என்று பலரும் சொல்லுகிறார்கள்.

ஏரிக்கரை ஊர்

மவுரீன் பிறந்தது அயர்லாந்து தீவின் வட பகுதியில். 1921-ம் ஆண்டு பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது.

விஸ்கான்சின் மாநிலத்தில் 'பாண்டு லாக்' என்ற ஊரில் வளர்ந்தார். வின்னிபாகோ என்ற பெரிய ஏரியின் தென்கரையில் உள்ள ஊர் அது. 'ஏரியின் கடைக்கோடி' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

வீட்டில் பெண்கள் நான்கு பேர். மவுரீன் மூன்றாவது பெண். நான்கு பேருமே பிற்காலத்தில் பத்திரிகை, விளம்பரம், எழுத்து என்று பெயர் பெற்றார்கள். 'லைப்' பத்திரிகை இந்த நான்கு சகோதரிகளைப் பற்றிக் கட்டுரையே வெளியிட்டது.

மணி அடிக்கவில்லை!

மவுரீன் 15 வயதில் ஒரு சிறுகதை எழுதினார். பெயர் 'பதினைந்து'. பள்ளி மாணவர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் அதற்கு 4-வது பரிசு கிடைத்தது.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. அடுத்து 'பதினாறு' என்ற கதையை எழுதினார். அதே போட்டியில் இதற்கு முதல் பரிசு! அமெரிக்காவின் சிறந்த சிறுகதைகளைத் தொகுக்கும் 'ஓ. ஹென்றி' பரிசுத் தொகுதியிலும், 1938-ம் ஆண்டு இந்தக் கதை இடம் பெற்றது.

கதை மிகச் சிறியது.

குளிர்கால இரவு. ஒரு பெண் பனிச்சறுக்கு விளையாடப் போகிறாள். அங்கே ஒரு வாலிபன் அவளோடு சேர்ந்து சறுக்குகிறான். வீடுவரை துணைக்கு வருகிறான். "டெலிபோன் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

அவள் காத்திருக்கிறாள். ஒரு நாள் ஆகிறது. இரண்டு நாள் ஆகிறது. மணி அடிக்கவே இல்லை. அவன் இனிக் கூப்பிடமாட்டான் என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

அவ்வளவுதான் கதை!

பெரியவர்கள், "இது ஒரு விஷயமா?" என்று கேட்பார்கள். 16 வயதுப் பெண்ணுக்கோ அந்த வாரம் முழுவதும் வேறு விஷயமே கிடையாது. அது மவுரீனுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால், எழுதியபோது அவருக்கும் ஏறத்தாழ அதே வயது.

மறப்பதற்கு முன்பு எழுதினார்

பிறகு மவுரீன், சிகாகோ நகருக்கு அருகில் உள்ள ரோசரி கல்லூரியில் சேர்ந்தார். 20 வயதைத் தாண்டும் முன்பே 'பதினேழாவது கோடை'யை எழுதத் தொடங்கிவிட்டார்.

ஏன் அவ்வளவு அவசரம்? அதற்கு அவரே பின்னாளில் விளக்கம் சொன்னார்.

அந்த வயதில் அவருக்கு வாழ்க்கையின் மீதும் காதலின் மீதும் பொங்கி வழியும் மகிழ்ச்சி இருந்தது. அது நீடிக்காது என்பதும் தெரிந்திருந்தது. வயது ஏறினால், அந்த உணர்ச்சி எப்படி இருந்தது என்பதே மறந்து போகும். அதற்கு முன்பு காகிதத்தில் எழுதிவிட வேண்டும் என்று விரும்பினாராம்.

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு புத்தக நிறுவனம் நாவல் போட்டி நடத்தியது. மவுரீனின் நாவல் அதில் பரிசு பெற்றது. அவர் பட்டம் பெற்ற அதே 1942-ம் ஆண்டில் நாவலும் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21.

ரொட்டிக் கடைக்காரர் மகன்

நாவலின் கதாநாயகி ஆஞ்சி. வயது 17. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போக வேண்டும். இடையில் இருப்பது ஒரே ஒரு கோடைகாலம்.

ஜாக் என்ற வாலிபனைச் சந்திக்கிறாள். அவன் ரொட்டிக் கடைக்காரர் மகன். வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வீடாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவன். இருவரும் படகில் ஏறி ஏரிக்குப் போகிறார்கள். காதல் மலர்கிறது.

ஒருநாள் ஜாக் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். அவன் சாப்பிடும்போது கரண்டி பல்லில் பட்டுச் சத்தம் கேட்கிறது. ஆஞ்சிக்குக் கூச்சம் தாங்கவில்லை. "வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தவிக்கிறாள்.

நம் வீடுகளில் மட்டும் இந்தத் தவிப்பு இல்லையா? முதல் தடவையாக ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும் எந்தப் பெண்ணுக்கும், எந்தப் பையனுக்கும் உள்ள தவிப்புதான் இது.

ஆஞ்சியின் அக்காளுக்கும் ஒரு காதல் இருக்கிறது. அது கசப்பில் முடிகிறது. ஒரே வீட்டில் ஒருத்திக்குச் சிரிப்பு, இன்னொருத்திக்குக் கண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், மவுரீன்.

முடிவில், ஜாக் தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறான். ஆஞ்சி சம்மதிக்கவில்லை. அவன் குடும்பம் ஒக்லகோமா மாநிலத்துக்குப் போகிறது. அவள் சிகாகோவுக்குப் படிக்கப் போகிறாள். கல்யாணத்தில் முடியவேண்டிய காதல் கதை, ரெயில் பயணத்தில் முடிகிறது!

எழுதிய முறை

மவுரீன் எழுதிய முறையைப் பார்த்தால் சில விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, தெரிந்த ஊரையே எழுதினார். கதை நடப்பது அவர் வளர்ந்த பாண்டு லாக்கில்தான். மவுரீனைப் போலவே ஆஞ்சியும் நான்கு பெண்களில் மூன்றாவது பெண்.

இரண்டாவது, காலத்தைச் சுருக்கிக்கொண்டார். ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று மூன்றே பகுதிகள். மூன்று மாதத்தில் முடியப்போகிற காதல் என்பதால், ஒவ்வொரு நாளும் வாசகருக்கு முக்கியமாகிவிடுகிறது.

மூன்றாவது, வில்லனைத் தேடிப் போகவில்லை. கொலை இல்லை, சூழ்ச்சி இல்லை. டெலிபோன் வருமா, அம்மா அனுமதி கொடுப்பாளா, அவன் வேறு பெண்ணோடு பேசினானா என்பவைதான் கதை.

நான்காவது, "அவள் நினைத்தாள்" என்று எழுதாமல், "நான் நினைத்தேன்" என்று எழுதினார். படிக்கிற பெண்ணுக்கு, தன் தோழியே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

ஒரு வேடிக்கை! மவுரீன் இதைப் பெரியவர்களுக்கான நாவலாக நினைத்தே எழுதினார். சிறுவர்-சிறுமியர் நாவல் என்று யாரும் அப்போது முத்திரை குத்தவில்லை. பருவ வயதுப் பெண்கள்தான் அதை எடுத்துத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள்.

அதுவரை அவர்களுக்கென்று எழுதுபவர்கள் குறைவு. குழந்தைகள் புத்தகம் சிறியதாகிவிட்டது. பெரியவர்கள் புத்தகம் எட்டவில்லை. 1944-ல்தான் 'செவன்டீன்' என்ற பெண்கள் பத்திரிகை அங்கே தொடங்கியது. 1956-ல் பெவர்லி கிளியரி என்ற எழுத்தாளர் 'பதினைந்து' என்ற பெயரில் ஒரு காதல் நாவல் எழுதினார். மவுரீனுக்குப் பின்னால் பாதை அகலமாகியது.

44 ஆண்டு மவுனம்

இவ்வளவு புகழ் வந்தால் ஆண்டுக்கு ஒரு நாவல் எழுதியிருக்க வேண்டாமா? மவுரீன் எழுதவில்லை!

பத்திரிகைத் தொழிலுக்குப் போனார். 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழில் நிருபராக இருந்தார். வாலிபப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் பகுதியையும் எழுதினார். அவர் விலகியபின் தங்கை அந்தப் பகுதியை ஏற்றுக்கொண்டார்.

மர்மக் கதை எழுத்தாளர் வில்லியம் மெக்கிவர்னை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். குடும்பத்தோடு பல நாடுகளில் வாழ்ந்தார்கள். பயணக் கட்டுரைகளும், குழந்தைகளுக்கான புத்தகங்களும் எழுதினார். ஆனால், இன்னொரு பருவக் காதல் நாவலைத் தொடவில்லை.

அடுத்தடுத்து இரண்டு இடி

1982-ம் ஆண்டு கணவர் இறந்தார். அடுத்த ஆண்டே மகள் மேகன் புற்றுநோயால் இறந்தாள்.

மவுரீனுக்கு அப்போது 60 வயதைத் தாண்டிவிட்டது. துக்கத்தில் மூழ்கிய அந்தத் தாய், மறுபடியும் காதல் நாவல் எழுத உட்கார்ந்தார்!

1986-ல் 'அன்பின் செயல்கள்' என்ற நாவல் வெளிவந்தது. முதல் நாவலுக்கும் இதற்கும் இடையே 44 ஆண்டுகள்! அதில் வரும் ரெட்டா என்ற பெண்ணுக்கு, மகளின் இளமைக்கால வாழ்க்கையைக் கொடுத்தார். 1990-ல் அதன் தொடர்ச்சியாக 'முதலில் ஒரு கனவு' வந்தது.

முதல் தடவை, தன் இளமை மறந்துவிடக்கூடாது என்று எழுதினார். இரண்டாவது தடவை, மகளின் இளமை மறைந்துவிடக்கூடாது என்று எழுதினார். மகள் போய்விட்டாள். 16 வயது ரெட்டா புத்தகத்தில் இருக்கிறாள்.

கடைசிக் காலத்தில் மவுரீன், கலிபோர்னியாவில் பாம் டெசர்ட் என்ற ஊரில் இருந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஓட்டல் சாப்பாடு பற்றிக்கூட எழுதினார். 2006-ம் ஆண்டு, 85-வது வயதில் இறந்தார்.

உங்கள் வீட்டில் 16, 17 வயதுப் பெண்ணோ, பையனோ இருக்கிறார்களா? காரணம் சொல்லாமல் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று சிரித்துவிடாதீர்கள். பெரியவர்கள் அற்பம் என்று ஒதுக்கிய அந்தக் கவலையைத்தான் மவுரீன் டாலி நாவலாக எழுதினார்; 10 லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்கினார்கள்.