கடைச் சிப்பந்தியும் நாமும்



ஆடித்தபசு சமயம் சங்கரன்கோவிலில் நம் கடைகளில் மூச்சு விட நேரம் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு தபசு நேரத்தில் எங்கள் மொத்தக் கடையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

வைகாசியில் ஒரு சிப்பந்தி நின்றுவிட்டார். "தபசு முடியட்டும், பிறகு ஆள் பார்க்கலாம்" என்று இருந்துவிட்டோம். அவர் வேலையும் 16 வருடமாக எங்களிடம் இருந்த இன்னொருவர் தலையில் விழுந்தது. காலை ஏழு மணிக்கு எடை போட நின்றால் இரவு பத்து வரை உட்கார வழியில்லை. வீட்டுக்குப் போன பிறகும் செல்போனில் கூப்பிட்டு இருப்புக் கேட்போம். ஒருநாள் கிராமத்துக் கடைக்காரர் ஒருவருக்குக் கடலைப் பருப்புக்குப் பதில் துவரம் பருப்பு மூட்டையை ஏற்றிவிட்டார். மறுநாள் மூட்டை திரும்பி வந்தது. நாலு வியாபாரிகள் முன்னிலையில் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டோம்.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் கிட்டங்கிச் சாவியைக் கொடுக்க வந்தார்.

"சம்பளம் பத்தலைன்னு போகல அண்ணாச்சி. தப்பு என் மேலதான். ஆனா எங்க ஊர்க்காரங்க முன்னால அப்படிப் பேசிட்டீங்களே" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. தவறு மூட்டையில் இல்லை, இரண்டு ஆள் வேலையை ஒருவர் மேல் ஏற்றியதில்தான் இருந்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்ததைப் புதிய ஆள் கற்க ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் வராக்கடனும் சேர்ந்தது.

நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, நாலு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வகுத்த அளவு. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் அதே சட்டத்தில் சேர்த்தார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடிய பிறகு 2018-லேயே இது வந்துவிட்டது. ஒரு முக்காலிக்குக்கூடச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பது நம் தொழிலுக்குப் பெருமை அல்ல.

ஏச்சுக்குச் சட்டம் அளவு வகுக்கவில்லை. அது நம் கையில்தான் இருக்கிறது. இப்போது எங்கள் தராசுக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி கிடக்கிறது. ஆள் குறைந்தால் அந்த மாதமே ஆள் பார்க்கிறோம். கடை அடைத்த பின் போன் செய்வதில்லை. தவறு நடந்தால் கிட்டங்கிக்குள் கூப்பிட்டுத் தனியாகக் கேட்கிறோம்.

பழைய சிப்பந்தி இன்று வேறொரு கடையில் இருக்கிறார். வழியில் கண்டால் இப்போதும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுகிறார். நமக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த தபசுக்குச் சரக்கு பிடிக்குமுன், நம் கடையில் ஆள் போதுமா என்று எண்ணிப் பார்ப்போம்.