பெயரிலா உருவங்களும் ஒல்லாந்து நாட்டு நடுத்தர வகுப்பும்

17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டில் அச்சான உருவ ஓவியங்கள் பலவற்றில் வரையப்பட்டவர் யாவர் என்பது இன்று புலப்படவில்லை. இதனை ஆராய்ச்சிக்குத் தடை என்றே பலர் கருதுவர். ஆயின், பெயர் இல்லாமையின் காரணத்தை நாடின், அதுவே அந்நாட்டு நடுத்தர வகுப்பினரின் வாழ்வியலுக்குச் சான்றாதலைக் காணலாம்.

முதற்கண் இக்கலையின் முறையை அறிதல் வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகுக் கலவை பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடின், கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அதில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுப்பர். தகட்டைத் திருத்தி மீண்டும் அச்சிடலாம் ஆதலின், ஓர் ஓவியமே பல நிலைகளிற் கிடைக்கின்றது.

ரெம்பிராண்ட் 1656-இல் இயற்றிய யான் லூட்மாவின் உருவத்தை ஈண்டுக் கருதுவோம். முதல் நிலையிற் பெயர் இல்லை. குரோனிங்கனிற் பிறந்த பொற்கொல்லர் இவர் என்னும் இலத்தீன் தொடர் இரண்டாம் நிலையிலேயே இடம்பெற்றது. எனினும், அருகிலுள்ள வெள்ளித் தட்டும் சுத்தியலும் அவர் தொழிலை முன்னரே உணர்த்திவிடுகின்றன. துணி வணிகக் குடும்பத்தினரான யான் சிக்ஸின் உருவம் 1647-இல் ஆனது. அதில் அவர் சாளரத்தருகே சாய்ந்து நின்று படிக்கின்றார். வணிகத்தின் குறி ஒன்றும் இல்லை. அவர்தம் பெயரும் 29 என்னும் அகவையும் பின்னைய நிலையிலேயே பொறிக்கப்பட்டன. ஒருவர் தொழிலாலும் மற்றவர் கல்வியாலும் தம் தகுதியை நாட்டுதல் நோக்கத்தக்கது.

இருவர்க்கும் பெயர் பின்னரே சேர்ந்தது ஏன்? இத்தகைய தாள்களை முதலிற் பெறுவோர் உறவினரும் நண்பரும் ஆவர். அறிந்தார்க்குப் பெயர் வேண்டுவதில்லை. அறியாதார் கைக்குச் செல்லும்போதே அது வேண்டப்படும். எனவே, பெயரின்மை பல இடங்களில் இழிவைக் காட்டாது, நெருக்கத்தையே காட்டும் என்பது எம் கருத்து. அறிந்தார் மறைந்தபின் பெயரும் மறைந்தது. உடையும் கருவியும் அமர்ந்த நிலையும் காட்டும் வகுப்பு மட்டும் எஞ்சிற்று.

ஆயினும், பெயரிலா உருவம் அனைத்தும் இவ்வகையின ஆகா. முதியோர், வீரர், அயல்நாட்டார் போன்ற மாந்த வகைகளைக் காட்டும் முகங்களைத் ‘திரோனி’ என வழங்கினர். யான் லீவன்ஸ் அத்தகைய முகங்களைத் தொகுதியாகவே வெளியிட்டார். அவற்றிற்குப் பெயர் தேடுதல் வீண் முயற்சியாம்.

பின்னையோர் சூட்டிய பெயரையும் ஆய்ந்தே கொள்ளல் வேண்டும். ரெம்பிராண்டின் 1651-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று, அச்சோவிய வணிகர் கிளெமென்ட் தெ யோங்கெயின் உருவம் என வழங்கிவருகின்றது. தொப்பியும் கையுறையும் அணிந்து அமர்ந்த அவ்வுருவில் வணிகக் குறி இல்லை. அவர்தாமோ என்னும் ஐயமும் அறிஞரிடை எழுந்துள்ளது. பிழைபட்ட பெயர் ஒன்று, ஓவியம் தானே கூறும் செய்தியை மறைத்துவிடும். ஆதலின், பெயரை ஊகிக்குமுன் உருவத்தைக் கற்றலே முறையாகும்.