இரண்டே கோல் அடித்த வீரர்

குழந்தைகளே, முதலில் ஒரு சின்னக் கணக்கு! ஒரு கால்பந்து வீரர் தன் நாட்டு அணிக்காக 142 ஆட்டங்கள் ஆடினார். அவர் அடித்த கோல்கள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு!

"அவ்வளவுதானா? எங்கள் தெருப் பையன் ஒரே நாளில் நாலு கோல் போடுவானே" என்று சிரிக்காதீர்கள். அந்த இரண்டு கோல்களால்தான் அவருடைய நாடு முதல்முறையாக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனது. இரண்டும் ஒரே நாளில், அரை மணி நேரத்துக்குள் அடித்தவை. நாட்டுக்காக அதற்கு முன்பும் அவர் கோல் அடித்ததில்லை, பின்பும் அடித்ததில்லை.

அவர் பெயர் லிலியன் துராம். பிரான்ஸ் அணியின் தடுப்பாட்ட வீரர்.

வேலிக்கு யார் மாலை போடுவார்?

கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் கோல்கீப்பர். அவருக்கு முன்னால் அரண்போல நிற்கும் மூன்று, நான்கு பேர்தான் தடுப்பாட்ட வீரர்கள். எதிரணி ஆளிடமிருந்து பந்தைப் பறிப்பதும், அவர் ஓடும் வழியை அடைப்பதும் இவர்கள் வேலை.

முன்வரிசை வீரர் பத்து முறை கோட்டைவிட்டு, ஒரு முறை கோல் அடித்தாலும் கைதட்டல் கிடைக்கும். தடுப்பாட்ட வீரர் கதையே வேறு. 89 நிமிடம் ஒழுங்காக ஆடிவிட்டு ஒரு நிமிடம் அசந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் ஊரே பேசும். பயிர் நன்றாக விளைந்தால் வேலிக்கு யாராவது மாலை போடுகிறார்களா? மாடு உள்ளே புகுந்தால்தான் வேலியின் நினைவே வரும்!

கரும்புத் தீவின் பிள்ளை

துராம் பிறந்தது 1972 ஜனவரி 1 அன்று, குவாதலூப் தீவில். உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே கரீபியன் கடல் இருக்கும். அங்கேதான் இருக்கிறது இந்தத் தீவு. பிரான்ஸ் அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம். ஆனாலும் தீவு பிரான்சுக்குச் சொந்தம்.

அங்கே கரும்புத் தோட்டங்கள் அதிகம். அவற்றில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்து அடிமைகளாக விற்றார்கள். துராமின் முன்னோர்களும் அப்படி வந்தவர்கள்தான். 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. அதன் பிறகு தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து போன தமிழர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள்.

துராமின் அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். தனி ஆளாகத்தான் அவர்களை வளர்த்தார். 1980-ல் பிழைப்புத் தேடி அவர் மட்டும் பாரிஸ் பக்கம் போனார். ஓராண்டு பாடுபட்டுக் காசு சேர்த்த பிறகு பிள்ளைகளை வரவழைத்தார். அப்போது துராமுக்கு ஒன்பது வயது.

ஒரு பட்டப்பெயர், ஒரு கேள்வி

புது ஊர், புதுப் பள்ளிக்கூடம். அந்த நாளில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கருப்புப் பசு வரும், அசட்டுப் பசு. வகுப்பில் சில பையன்கள் துராமை அந்தப் பசுவின் பெயரால் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

துராம் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தான். "ஏனம்மா இப்படி?" என்று கேட்டான். சிலர் அப்படித்தான் இருப்பார்கள், அவர்களை மாற்ற முடியாது என்பதுபோல் அம்மா சமாதானம் சொன்னார். பாவம், அவருக்கும் வேறு பதில் தெரியவில்லை. ஆனால் சிறுவனுக்கு அது போதவில்லை. எதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டுமே! அந்தக் கேள்வியை அவன் மனத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

பந்து காட்டிய வழி

குடியிருப்புப் பிள்ளைகளோடு பந்து உதைத்துப் பழகிய துராம், பதின்ம வயதில் மொனாக்கோ கிளப்பில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்த ஆர்சன் வெங்கர்தான் அவரைப் பெரிய ஆட்டங்களில் இறக்கினார். 1994 ஆகஸ்டில் பிரான்ஸ் அணியில் இடம் கிடைத்தது. அதே ஆட்டத்தில் இன்னொரு புதுமுகமும் களம் இறங்கினார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜிடேன்!

1996-ல் இத்தாலியின் பார்மா கிளப்புக்குப் போனார் துராம். அங்கே கோல்கீப்பர் பஃபோன், தடுப்பாட்ட வீரர் கன்னவாரோ ஆகியோரோடு சேர்ந்து ஆடினார். அந்த அரணைத் தாண்டிக் கோல் அடிப்பது எதிரணிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. 1999-ல் பார்மா, யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் மார்செய் அணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை, 3-0! பிறகு 2001-லிருந்து யுவென்டஸ், 2006-லிருந்து பார்சிலோனா என்று பெரிய கிளப்புகளில் ஆடினார்.

1998 ஜூலை 8

இப்போது அந்த நாளுக்கு வருவோம். உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். போட்டி நடந்தது பிரான்சிலேயே. எதிரணி குரோஷியா. முதல் பாதியில் இரு பக்கமும் கோல் இல்லை.

இங்கே 'ஆஃப்சைடு' விதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நம் தடுப்பாட்ட வீரர்களைத் தாண்டி, கோல் பக்கம் நின்றுகொண்டு எதிரணி ஆள் பந்தை வாங்கக் கூடாது. அதனால் தடுப்பாட்ட வீரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சட்டென்று முன்னால் நகர்ந்தால், எதிரணி ஆள் பின்னால் மாட்டிக்கொள்வார். ஆனால் ஒருவர் நகர மறந்தாலும் பொறி வேலை செய்யாது.

இரண்டாம் பாதி தொடங்கிய முதல் நிமிடம். மற்றவர்கள் முன்னே நகர்ந்தார்கள். துராம் மட்டும் பின்தங்கிவிட்டார்! குரோஷியாவின் ஷூக்கர் பந்தோடு உள்ளே பாய்ந்தார். கோல்! அரங்கமே வாயடைத்துப்போனது.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவீர்களா? 'நான் மட்டுமா காரணம்?' என்று சண்டை போடுவீர்களா?

துராம் அடுத்த நிமிடமே முன்னால் ஓடினார். குரோஷியாவின் கோல் பக்கத்தில் போபன் என்பவரிடமிருந்து பந்தைப் பறித்தார். அதைத் தன் நண்பர் ஜோர்கேஃபிடம் தட்டிவிட்டு, திரும்ப வாங்கி, ஓர் உதை! 1-1.

ஏறக்குறைய 70-ஆவது நிமிடத்தில் இன்னொரு தடவை பந்தைப் பறித்தார். இம்முறை பழக்கப்பட்ட வலது காலால் அல்ல, இடது காலால் தூரத்திலிருந்து உதைத்தார். பந்து வளைந்து போய் கோலின் மூலையில் விழுந்தது. 2-1!

துராம் குதிக்கவில்லை. மண்டியிட்டு அமர்ந்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, 'இதை நானா செய்தேன்?' என்று யோசிப்பவர்போல் இருந்தார். அந்தப் புகைப்படம் மிகவும் பிரபலம்.

நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் பிரேசிலை 3-0 என்று வென்று பிரான்ஸ் முதல்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்தப் போட்டியில் ஆடிய ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. வேலியின் பெருமை இதுதான்! சிறந்த வீரர்கள் வரிசையில் மூன்றாவது இடத்துக்கான வெண்கலப் பந்து துராமுக்குக் கிடைத்தது.

2000-ல் ஐரோப்பியக் கோப்பையையும் பிரான்ஸ் வென்றது. 2006-ல் மீண்டும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 34 வயதில் துராம் ஆடினார். எதிரே இத்தாலி அணியில் யார் தெரியுமா? பார்மாவின் பழைய தோழர்கள் பஃபோனும் கன்னவாரோவும்தான்! பெனால்டியில் இத்தாலி வென்றது.

2008-ல் மருத்துவச் சோதனையில் அவருடைய இதயத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. விளையாட்டை விட்டார். அவருடைய 142 ஆட்டங்கள் என்ற பிரெஞ்சுச் சாதனையை 2022-ல்தான் கோல்கீப்பர் லோரிஸ் முறியடித்தார்.

பழைய கேள்விக்குப் பதில்

ஒன்பது வயதில் மனத்தில் வைத்துக்கொண்ட கேள்வியை துராம் மறக்கவில்லை. ஆடிய காலத்திலேயே சரித்திரப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். தோல் நிறத்தை வைத்து மனிதர்களை மேல், கீழ் என்று பிரிப்பது இயற்கை அல்ல. அடிமை வியாபாரம் செய்தவர்கள் தங்கள் செயலை நியாயப்படுத்தச் சொல்லிவைத்த பொய் என்று புரிந்துகொண்டார். சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் என்றால், சொல்லிக்கொடுத்தே மாற்றவும் முடியும் அல்லவா?

விளையாட்டை விட்ட 2008-லேயே, நிற வேற்றுமைக்கு எதிராகக் கல்வி புகட்ட ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களுக்குப் போய் மாணவர்களோடு பேசினார். உலகில் சாதித்த கருப்பின மக்களைப் பற்றி 2010-ல் ஒரு புத்தகமும் எழுதினார். அவருடைய மகன் மார்க்கஸ், 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சுக்காக ஆடினார். அவர் முன்வரிசை வீரர், கோல் அடிப்பவர்!

குழந்தைகளே, நான் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன். நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டாத வகுப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கூப்பிடுகிறவர்கள் விளையாட்டு என்பார்கள். கூப்பிடப்படுகிற பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். வீட்டுக்குப் போய் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா? நாளைக்கு யாராவது அதைச் சொல்லும்போது, "அவன் பெயர் அது இல்லை" என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். தடுப்பாட்டம் என்பது அதுதான்!