எட்டயபுரம் வழியாக தில்லி வந்த இசை இலக்கணம்

யமுனைக்குக் கிழக்கே உள்ள மயூர் விஹாரில் தமிழ், மலையாளக் குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. இங்குள்ள உத்தர குருவாயூரப்பன் கோயிலில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடப்பதும் உண்டு. வீட்டில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பயிலும் தமிழ்ச் சிறுமி, பள்ளியில் ஹிந்துஸ்தானி இசையைப் பாடமாக எடுத்தால், அதே ஸ்வரங்களை "பைரவ் தாட்" என்ற பெயரில் சந்திப்பாள்.

இது தற்செயலன்று. பம்பாய் வழக்கறிஞரும் இசை ஆய்வாளருமான விஷ்ணு நாராயண் பாத்கண்டே 1904-இல் தென்னாட்டுக்கு வந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற பெருநூலை அதே ஆண்டில் வெளியிட்டவர் தீட்சிதர். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சார்ந்த வேங்கடமகி இயற்றிய "சதுர்தண்டி பிரகாசிகை"யின் பிரதி அவர் மூலமாகவே பாத்கண்டேவுக்குக் கிடைத்தது. அதிலுள்ள 72 மேளங்களின் முறையை அடியொற்றி, வடநாட்டு ராகங்களை 10 தாட்களில் அவர் வகைப்படுத்தினார். கல்யாணி அங்கே கல்யாண், சங்கராபரணம் பிலாவல், கரகரப்பிரியா காஃபி. இன்றைய ஹிந்துஸ்தானி இசைக் கல்வியின் அடிப்படையே இதுதான். பாத்கண்டேயின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும் மாணவர்கள் தீட்சிதரின் பெயரையும் அறிந்திருக்க வேண்டாமா?

வடமொழி நூலுக்குக் கிடைத்த இந்த வரவேற்பு தமிழ் நூல்களுக்குக் கிடைக்கவில்லை. தஞ்சையில் சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு, சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தியவர் ஆபிரகாம் பண்டிதர். ஓர் ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற வடமொழி மரபை மறுத்து, சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் சான்றாகக் கொண்டு 24 என வாதிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில், தம் குடும்பத்துப் பெண்களைக் கொண்டு இசைத்தும் காட்டினார். அறிஞர்கள் வியந்தனர், கொள்கையை ஏற்கவில்லை. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் "கருணாமிர்த சாகரம்" 1917-இல் வெளிவந்தது. இரண்டாவது மாநாடு 1918-இல் தில்லியில் நடந்தது. அடுத்த ஆண்டு பண்டிதர் காலமானார்.

அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. தமிழ் ஆய்வாளர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், மறுப்பதற்கும் மூலத்தைப் படித்தாக வேண்டும். ஹிந்துஸ்தானி, கர்நாடக இசை இரண்டும் ஒரே துறையில் கற்பிக்கப்படும் தில்லிப் பல்கலைக்கழகம் இத்தகைய ஒப்பாய்வுக்கு ஏற்ற இடம். அடியார்க்குநல்லார் உரையைத் தமிழிலேயே படிக்கக்கூடிய மாணவர்கள் அதற்குத் தேவை. மயூர் விஹாரில் சரளி வரிசை பயிலும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியும் என்பது பெற்றோருக்கே வெளிச்சம்.