பரணில் உறங்கும் கணிப்பொறிகள்

புதிய கணிப்பொறி ஒன்று இல்லத்திற்குள் நுழைந்ததும் பழையது பரண் ஏறிவிடுகிறது. இரண்டொரு ஆண்டுகள் அங்கே தூசி படிந்து கிடந்தபின், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது. அதே பங்கில், அதே தெருவில், கல்லூரியில் பயிலும் மகளுக்கு ஒரு கணிப்பொறி வாங்க வழியின்றித் தாய் ஒருத்தி வட்டிக்குக் கடன் கேட்டு அலைவதையும் காண்கிறோம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

தோன்றிய ஓர் ஊரைப் பற்றி ஈண்டுக் கூற விழைகிறோம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 2000ஆம் ஆண்டு 'ஃப்ரீ கீக்' என்னும் அறநிறுவனம் தொடங்கப்பெற்றது. மக்கள் கழித்த கணிப்பொறிகளைப் பெற்று, தேறுபவற்றைச் செப்பனிட்டது. தேறாதவற்றைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியது. இம்மட்டில் வியப்பொன்றும் இல்லை. வாங்க இயலாதோர் வந்து கேட்டபோது அது கைக்கொண்ட முறையே நம் உள்ளத்தைத் தொட்டது. இத்தனை மணி நேரம் பட்டறையில் உழையுங்கள், ஒரு பொறி உங்களுடையது என்றது. வந்தவர்கள் திருகாணி கழற்றினர், பழுதறியக் கற்றனர். ஐந்து பொறிகளைப் பிறர்க்கெனப் பொருத்தியவர் ஆறாவதைத் தமக்கென எடுத்துச் செல்லலாம் என்றும் ஒரு முறை இருந்தது. பெற்றவர் தலைகுனிய வேண்டியதில்லை. பின்னாளில் அது பழுதானால் அஞ்சவும் வேண்டியதில்லை. மேடையிட்டு, ஏழையை நிறுத்திப் படமெடுத்து வழங்கும் நம் வழக்கத்தை எண்ணுகையில் நமக்குச் சற்றே நாணம் உண்டாகிறது.

பழைய பொறி மெதுவாக ஓடுகிறது என்பதே பலருடைய குறை. பெரும்பாலும் குற்றம் அதன் மூளையில் இல்லை. சுழலும் பழைய வன்தட்டில் இருக்கிறது. அதனை அகற்றி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தைச் சற்றுக் கூட்டி, விசிறியின் தூசியைப் போக்கி, காய்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றினால், பத்தாண்டு கண்ட பொறியும் மாணவர்க்கு நன்கு உழைக்கும். தேதியும் நேரமும் நாள்தோறும் தவறுகின்றனவா? உள்ளிருக்கும் காசளவு மின்கலம் தீர்ந்திருக்கும், அவ்வளவே.

மற்றோர் இடர் அண்மையில் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பவையே குப்பைக்குச் செல்லும் நிலை! இங்கே கைகொடுப்பது லினக்ஸ். லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991இல் தொடங்கிய இது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் இயங்கும். போர்ட்லண்டுப் பட்டறையும் இதனையே தன் பொறிகளில் இட்டது. நம் நாட்டுச் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் இவ்வகையினதே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், வீசியெறியும் பழக்கத்தைக் கடிந்துரைத்ததோடு, ஒரு பொருளை மீண்டும் பயன்படுத்துவதை அன்புச் செயலாகவே எண்ணினார்.

கொடுக்க முன்வரும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கோப்பை நீக்கிவிட்டால் அது அழிந்துவிட்டதென எண்ண வேண்டா. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் வன்தட்டில் தங்கியிருக்கும். மீட்கத் தெரிந்தவர் மீட்டுவிடுவர். தட்டு முழுவதையும் மேலெழுதும் மென்பொருளைக் கொண்டு துடைத்த பின்னரே கொடுங்கள். துடைக்க இயலாததைத் துளையிட்டு விடுவதே நலம். மடிக்கணினியின் மின்கலம் வீங்கியிருந்தால் அதனை மின்னேற்றம் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பற்றக்கூடும். அதனை மின்கழிவு சேகரிப்போரிடமே ஒப்படைக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளதைக் கொடுக்கும்போது சார்ஜரையும் தேடி உடன் வையுங்கள். அது இல்லாமற் போனால், கணிப்பொறியைப் பெற்ற அந்தத் தாய் மறுநாளே கடைக்குச் சென்று அதற்கும் கடன் சொல்ல நேரும்.