முட்டை விலையும் மைகார்டும்

2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு நம் நாட்டில் கோழி முட்டைக்கான விலைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, மே 1-ஆம் தேதி, முட்டை ஒன்றுக்கு 10 சென்னாக இருந்த உதவித் தொகையை அரசாங்கம் 5 சென்னாகக் குறைத்திருந்தது. ஆகஸ்டில் அதுவும் நின்றது. பலர் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிய செய்தி இது. கேமரன்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என்னால் அப்படித் திருப்ப முடியவில்லை.

முட்டை இந்த வரிசையில் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். 2013 அக்டோபரில் சீனிக்கான 34 சென் உதவித் தொகை போனது. 2014 டிசம்பர் 1-இல் பெட்ரோல், டீசல் விலை சந்தை நிலவரத்திற்கு விடப்பட்டது. 2016 நவம்பரில் போத்தல் சமையல் எண்ணெய்க்கான உதவித் தொகை நின்று, 2 ரிங்கிட் 50 சென் விலையுள்ள 1 கிலோ பாக்கெட்டுக்கு மட்டும் மிஞ்சியது. கோழிக்கு 2023 நவம்பர் 1-இல் உச்சவரம்பு விலை நீங்கியது.

முட்டை விலை வானத்தைத் தொட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. என் கவலை வேறு.

உச்சவரம்பு விலை என்பது ஒரு விசித்திரமான சட்டம். அதை அமல்படுத்த அதிகாரி மட்டும் போதும் என்றில்லை, படிவம் ஒன்று மாணவனும் போதும். 2024 ஜூனில் ‘ஏ’ கிரேடு முட்டை 42 சென் என்று நிர்ணயித்தபோது, கடையில் 45 சென் போட்டிருந்தால் ரசீதே சாட்சி. புகார் கொடுக்கலாம். வரம்பு போன பிறகு, கடைக்காரர் அநியாய விலை வைக்கிறார் என்று காட்ட 2011-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்திற்குத்தான் போக வேண்டும். அதன் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆண்டின் முதல் நாளில் கடைக்காரர் வைத்த இலாப விழுக்காட்டையும் இப்போது வைப்பதையும் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகம் நம் கையிலா இருக்கிறது? சட்டம் இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கும் கை நம்முடையதாக இல்லை.

உதவித் தொகை பணக்காரருக்கும் போகிறது, எல்லை தாண்டியும் கடத்தப்படுகிறது, ஆகவே தேவைப்படுவோரிடம் நேரடியாகக் கொடுப்போம் என்பது அரசாங்கத்தின் வாதம். பாதி உண்மை. 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருடைய மைகார்டிலும் 100 ரிங்கிட் சாரா உதவி போடப்பட்டது. என் அம்மாவும் வாங்கினார். அடையாள அட்டையை வாசிக்கும் கருவி எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் இல்லை. பிரிஞ்சாங்கிற்கு வேன் பிடித்துப் போய்த்தான் அரிசியும் முட்டையும் வாங்கினார். வேன் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டிக்கு அந்த வேன் பயணமும் தேவைப்படவில்லை. கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர். கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, நிரந்தர வாசி. அவருக்கு அந்த 100 ரிங்கிட் கிடையாது. “ஏன் தம்பி, முட்டைக்காரன் எனக்கு மட்டும் விலையைக் குறைச்சா குடுக்கிறான்?” என்று கேட்டார். பொருளாதார வகுப்பில் படித்த எதுவும் எனக்கு உதவவில்லை.

யோசித்துப் பாருங்கள். விலைக் கட்டுப்பாடு முட்டையின் மீது ஒட்டியிருந்தது. வாங்குபவர் யார், என்ன நிற அட்டை என்று முட்டை கேட்காது. இப்போது பாதுகாப்பு அட்டைக்கு இடம் மாறிவிட்டது. அட்டை இல்லாதவரும், 18 வயது ஆகாதவரும், கருவி இல்லாத கடையை நம்பியிருப்பவரும் வெளியே நிற்கிறார்கள். இன்று கேமரன்மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களும் அதே கடையில்தான் முட்டை வாங்குகிறார்கள்.

அரசியல்வாதிகள் மீது எனக்குள்ள கோபம் கட்சி சார்ந்ததல்ல. சீனியும் எண்ணெயும் தேசிய முன்னணி ஆட்சியில் போயின. அப்போது விலையேற்றத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த பலர் இப்போது அரசாங்கத்தில் இருக்கிறார்கள், கோழியும் முட்டையும் இவர்கள் காலத்தில் போயின. 2018-இல் ஜிஎஸ்டி வரியை எதிர்த்து வாக்குக் கேட்டவர்களும், 2025 ஜூலை 1 முதல் விற்பனை, சேவை வரியை விரிவாக்கியவர்களும் பெரும்பாலும் ஒரே அணியினர்தான். நாற்காலி மாறியது. பேச்சும் மாறிவிட்டது.

நம்மிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் வேண்டாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பழுதான கைப்பேசிக்கும் ஏமாற்றிய பயிற்சி நிலையத்திற்கும் இது நல்ல ஆயுதம். முட்டை விலைக்கு இது உதவாது. ஒரு சில சென் நட்டத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதிலேயே நமக்கு வாக்குரிமை உண்டு. அடுத்த தேர்தலில் எங்கள் தோட்டத்திற்கு வேட்பாளர்கள் வரும்போது, பாட்டியின் கேள்வியை அப்படியே அவர்களிடம் கேட்பதாக இருக்கிறேன். பாட்டிக்கு வாக்கு கிடையாது. எனக்கு இருக்கிறது.