பாக் இல்லாமல் ஷோபான் இல்லை… தெரியுமா?

பியானோ என்றதும் இசை ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ஷோபான். உருக்கம், ஏக்கம், தனிமை என்று அவருடைய இசையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆனால், அந்த உருக்கத்துக்கு அடியில் இம்மியும் பிசகாத ஒரு கட்டுக்கோப்பு இருக்கிறது! அதற்கு அஸ்திவாரம் போட்டவர், ஷோபான் பிறப்பதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஜெர்மானிய மேதை யோகான் செபாஸ்டியன் பாக்! எப்படி என்கிறீர்களா?

பியானோ சொல்லிக்கொடுத்தவர் வயலின் கலைஞர்… தெரியுமா?

1816-ம் ஆண்டு, போலந்தின் வார்சா நகரம். ஆறு வயது ஷோபானுக்குப் பியானோ சொல்லித்தர வந்தவர் வோய்ச்செக் ஜிவ்னி. இவர் அடிப்படையில் வயலின் கலைஞர்! பாக் மீது அபார பக்தி கொண்டவர். 1829-ல் பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்சன், பாக்கின் ‘புனித மத்தேயு பாடுகள்’ இசைப் படைப்பை அரங்கேற்றிய பிறகுதான் ஐரோப்பாவில் பாக் அலையே அடித்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வார்சாவில் ஒரு சிறுவனின் விரல்கள் பாக்கை வாசித்துக்கொண்டிருந்தன!

ஒரே சி மேஜர், இரண்டு அற்புதங்கள்!

ஒரு கார்டில், அதாவது சுரக்கூட்டில், இருக்கும் சுரங்களை ஒன்றாக அழுத்தாமல், ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பதை ஆர்பெஜியோ என்பார்கள். 1722-ல் பாக் தொகுத்த ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ என்ற விசைப்பலகை இசைத் தொகுப்பின் முதல் பாகம், சி மேஜரில் அமைந்த பிரிலூடு என்ற சிறு இசைத்துண்டுடன் தொடங்குகிறது. கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஆர்பெஜியோதான். தனியாக ஒரு மெட்டே கிடையாது! 1833-ல் வெளிவந்த ஷோபானின் ஓபஸ் 10 (படைப்பு எண் 10) எட்யூடுகளில், அதாவது பயிற்சி இசைத்துண்டுகளில், முதலாவதைக் கேளுங்கள். அதுவும் சி மேஜர்! அதுவும் ஆர்பெஜியோ! பாக் ஒரு சிறிய எல்லைக்குள் செய்ததை, ஷோபான் பியானோவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வலது கை பறக்கும்படி விரித்துவிட்டார்!

மடாலய அறைக்குள் பாக்!

1838-ன் இறுதியில், எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுடன் மயோர்க்கா தீவுக்குப் போனார் ஷோபான். உடல்நிலை மோசம். வல்தெமோசாவில் ஒரு பழைய மடாலயத்தில் ஜாகை. ஆசையாகக் காத்திருந்த பிளேயெல் பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. ஆனால், பாக்கின் இசைத்தாள்கள் மட்டும் கூடவே இருந்தன! அங்கேதான் அவருடைய 24 பிரிலூடுகள் முழுமை பெற்றன.

ஏன் 24 என்று தெரியுமா?

மேற்கத்திய இசையில் 12 மேஜர், 12 மைனர் சுருதிகள். ‘வெல்-டெம்பர்ட் கிளேவியரில்’ ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிலூடு, ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துத் தொடரும் வடிவம்) என்று எழுதினார் பாக். ஷோபானும் 24 சுருதிகளையும் எடுத்துக்கொண்டார். ஆனால், நகல் எடுக்கவில்லை! பாக்கின் வரிசை, சி மேஜர், சி மைனர் என்று தொடங்கி அரை அரை சுரமாக ஏறும். ஷோபானோ சி மேஜர், ஏ மைனர், ஜி மேஜர், இ மைனர் என்று ஐந்தாம் சுர உறவில் தாவுகிறார். ஃபியூக்குகளை அடியோடு விட்டுவிட்டார். ஒன்பதாவது பிரிலூடு வெறும் 12 பார்கள் (தாள அளவுகள்) தான்!

கச்சேரிக்கு முன்னால் என்ன வாசிப்பார்?

கச்சேரி நெருங்கினால் இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பாக்கைத்தான் வாசிப்பாராம். தன் சொந்தப் படைப்புகளை அல்ல! இதை எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் லென்ஸ். ஒருமுறை ஒரு மாணவிக்கு முன்னால் பாக்கின் 14 பிரிலூடுகளையும் ஃபியூக்குகளையும் தாளைப் பார்க்காமலேயே அடுத்தடுத்து வாசித்துக் காட்டினார்! பாரிஸில் அச்சான பாக் பதிப்பில் இருந்த பிழைகளையும் உட்கார்ந்து திருத்தினார்!

கடைசிவரை விடாத பாக்!

ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்த குரல் பற்றிக்கொண்டு தொடர்வதுதான் ஃபியூக்கின் உயிர். 1840-களில் ஷோபான் இந்தக் கலையை மறுபடியும் கருத்தூன்றிப் படித்தார். ஏ மைனரில் தானே ஒரு ஃபியூக்கும் எழுதினார். ஓபஸ் 50-ன் மூன்றாவது மசூர்க்கா எப்படித் தொடங்குகிறது? ஒரு குரல் முன்னே போக, இன்னொரு குரல் துரத்துகிறது! மசூர்க்கா என்ற கிராமிய நடனத்துக்குள் பாக்! நான்காவது பாலேடிலும் முக்கிய மெட்டு திரும்பி வரும் இடத்தில் இதே மாயம்! இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, 1849 ஏப்ரலில், ஓவியர் டெலாக்ருவாவிடம் அவர் பேசியதும் ஃபியூக்கின் தர்க்கத்தைப் பற்றித்தான்.

சங்கிலி இன்னும் நீள்கிறது!

ரஷ்யாவின் ஸ்க்ரியாபின் 24 பிரிலூடுகள் எழுதினார், ஷோபானின் வரிசையிலேயே! 1950-ல் பாக்கின் இருநூறாவது நினைவாண்டுக்காக லைப்சிக் நகரம் சென்று திரும்பிய ஷோஸ்டகோவிச், 24 பிரிலூடு-ஃபியூக்குகளைப் படைத்தார். வடிவம் பாக்குடையது. சுருதி வரிசை? ஷோபானுடையது!

நம்பவில்லையா? இன்றே பாக்கின் அந்த முதல் பிரிலூடைக் கேளுங்கள். அது முடிந்த கையோடு ஷோபானின் ஓபஸ் 10 முதல் எட்யூடைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மேதை இன்னொரு மேதையிடம் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பது உங்கள் காதுக்கே புரிந்துவிடும்!